ராஜா சேர் மாதவராவ்

மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கு 1848ஆம் ஆண்டை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்பொழுது இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவர் டொரிங்டன் பிரபு. கோப்பியின் விலை வீழ்ந்து அரசாங்கப் பொக்கிஷம் வற்றியிருந்த வேளையில், அவர் வரிமுறையைத் திருத்தி அமைக்கப் புறப்பட்டார். துப்பாக்கிக்கு ஒரு வரி, நாய்க்கு ஒரு வரி, கடைக்கு ஒரு வரி என்று விதித்தார். ஆண்டிலே 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், இல்லையேல் அதற்கு ஈடாகப் பணம் கட்டுதல் வேண்டும் என்றும் சட்டம் செய்தார். காகிதத்தில் பார்த்தவர்களுக்கு அது நவீன நிதித் திட்டமாகத் தோன்றியது. குடிசையில் இருந்தவனுக்கோ அது தாங்க முடியாத சுமையாயிற்று. ஜூலை மாதத்தில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டப்பட்டது. மாத்தளை நகரில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1850இல் தேசாதிபதியும் பதவியை விட்டுத் தாய்நாடு திரும்ப நேர்ந்தது.

சீர்திருத்தம் என்னும் சொல் எல்லோர் வாயிலும் இனிக்கிறது. ஆனால் அந்தச் சீர்திருத்தம் யாருடைய தோளிலிருந்து சுமையை இறக்குகிறது, யாருடைய தோளில் ஏற்றுகிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மை விளங்கும். அதைத் தொடங்கியவர் போன பின்னரும் அது நிற்குமா என்பது அடுத்த கேள்வி. இவ்விரு கேள்விகளுக்கும் தம் வாழ்க்கையாலேயே விடை தந்த ஒரு பெருமகனாரின் சரித்திரத்தை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அவருடைய பெருமையை மட்டுமன்று, அவரிடம் காணப்பட்ட குறையையும் மறைக்காமல் சொல்லுவோம். குறை கூறாத சரித்திரம் வாலிபர்களுக்குப் பயன்படாது என்பது நம் கருத்து.

இளமையும் கல்வியும்

மாதவராவ் 1828ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பிறந்தார். தஞ்சையை மராட்டிய மன்னர் ஆண்ட நாளில் அங்கு வந்து குடியேறிய மராட்டியப் பிராமணக் குடும்பம் அவருடையது. தந்தையார் ரங்கராவ், பெரிய தந்தையார் வெங்கடராவ் ஆகிய இருவரும் திருவிதாங்கூர் இராச்சியத்தில் திவான் பதவி வகித்தவர்கள். திவான் என்றால் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்து நாட்டை நிர்வகிக்கும் முதன் மந்திரி என்று கொள்ளலாம்.

சென்னையில் அப்பொழுது பவல் என்னும் ஆங்கிலேயர் ஓர் உயர்தரப் பாடசாலையை நடத்தி வந்தார். அதுவே பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. கணிதத்தில் வல்லவரான அந்த ஆசிரியரிடம் மாதவராவ் பயின்று, 1846இல் முதல் வகுப்பில் தேறினார். சிறிது காலம் அவருக்குப் பதிலாக அங்கேயே பாடமும் சொல்லிக் கொடுத்தார். பின்னர் சென்னை அரசாங்கத்தின் கணக்கு அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே இருந்திருந்தால் ஒரு நல்ல உத்தியோகத்தராக வாழ்ந்து ஓய்வு பெற்றிருப்பார். நாமும் அவரைப் பற்றி எழுத இடமிராது.

ஆனால் 1849இல், அதாவது மாத்தளைக் கிளர்ச்சிக்கு மறு ஆண்டில், திருவனந்தபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்து இளவரசர்களான ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள் இருவருக்கும் ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். 21 வயது கூட நிரம்பாத மாதவராவ் அப்பணியை ஏற்றார். நான்கு ஆண்டுகள் அவர்களுக்குக் கற்பித்தார். அந்த நான்கு ஆண்டுகளே அவர் வாழ்க்கையின் திறவுகோல் என்று நாம் கருதுகின்றோம்.

ஆட்டங்கண்ட இராச்சியம்

பாடம் சொல்லிய ஆசிரியர் பின்னர் நிர்வாகத்தில் சேர்ந்து, திவான் பேஷ்கார் என்னும் உயர்பதவிக்கு வந்து, இராச்சியத்தின் தென்பகுதியைக் கவனித்தார். 1857இல் திவான் கிருஷ்ணராவ் காலமானார். அவ்விடத்தில் மாதவராவ் முதலில் தற்காலிகமாகவும், 1858இல் நிரந்தரமாகவும் நியமிக்கப்பட்டார். வயது 30ஐ எட்டவில்லை.

அவர் கைக்கு வந்த இராச்சியமோ மிகவும் நலிந்திருந்தது. உத்தியோகத்தர்களின் சம்பளம் பாக்கி. பொதுக் கடன் ஒருபுறம். ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய கப்பம் ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய் மறுபுறம். நிர்வாகம் திருந்தாவிடின் நாட்டையே கம்பெனி அரசுடன் சேர்த்துக்கொள்ள நேரும் என்று டல்ஹௌசி பிரபு 1855இலேயே எச்சரித்திருந்தார். அவர் அவ்வாறு சேர்த்துக்கொண்ட நாடுகள் ஏற்கெனவே பல. ஆகவே திருவிதாங்கூரின் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

டொரிங்டன் பிரபுவின் முன்னிருந்த பிரச்சினையும் இதுவேதான்: பொக்கிஷம் காலி. மாதவராவ் அதற்குக் கண்ட வழி நேர்மாறானது. புதிய வரி விதிக்க அவர் விரையவில்லை. பழைய தளைகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

மிளகு வணிகம் அரசாங்கத்தின் ஏகபோக உரிமையாயிருந்தது. பயிரிட்டவன் அரசாங்கம் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். 1860இல் அந்த ஏகபோகம் ஒழிந்தது. ஏற்றுமதிக்கு ஒரு தீர்வை மட்டும் வைக்கப்பட்டது. புகையிலையிலும் அதே நிலைதான். நம் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாயிருந்ததைப் பெரியோர் அறிவர். 1863இல் அந்த ஏகபோகமும் நீங்கியது. 1865இல் ஆங்கிலேய இந்தியாவுடனும் கொச்சியுடனும் உடன்படிக்கை செய்து, எல்லையில் சரக்குகளை மறித்து வசூலித்த சுங்கங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. ஏழைகளிடம் சில்லறை சில்லறையாகப் பிடுங்கிய சிறு வரிகள் நூற்றுக்கு மேற்பட்டவை நீக்கப்பட்டன. வரியைக் குறைத்தால் வருமானம் குறையும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். ஆனால் வணிகம் பெருகியது, வருமானமும் பெருகியது. 1863அளவில் பொதுக் கடன் முழுவதும் தீர்ந்தது.

நிலத்தின் செய்தி இன்னும் பெரிது. அரசாங்க நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுதவன் அதுவரை வெறும் குத்தகைக்காரனே. 1865இல் வெளியான பண்டாரப் பாட்டப் பிரகடனம் அந்நிலத்தை அவனுக்குச் சொந்தமாக்கியது. விற்கவும், ஈடு வைக்கவும், மக்களுக்கு விட்டுச் செல்லவும் உரிமை கிடைத்தது. உழுதும் கொழுந்து கிள்ளியும் மண்ணைப் பொன்னாக்கிய பின்னரும் ஒரு பேர்ச்சஸ் நிலம் தன் பெயரில் இல்லாமல் மாண்டுபோன தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நமக்கு, இப்பிரகடனத்தின் மதிப்பு எத்தகையது என்று எடுத்துரைக்க வேண்டுமா?

சாலைகளும் கால்வாய்களும் பாலங்களும் வந்தன. ஆலப்புழையில் 1862இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. திருவனந்தபுரத்தில் அரசரின் இலவசப் பாடசாலை 1866இல் கல்லூரியாக உயர்ந்தது. தாய்மொழிப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. பெண்களின் கல்விக்கும் வழி பிறந்தது. அரசாங்க அலுவலகங்களுக்கென்று 1869இல் கட்டி முடிக்கப்பட்ட ஹஜூர் கச்சேரியே இன்று கேரள அரசின் தலைமைச் செயலகமாகத் திகழ்கிறது. அதற்கு எதிரே மாதவராவின் சிலை நிற்கிறது. அந்தச் சந்தியே சிலையின் பெயரால் வழங்குகிறது. பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் போசெட் என்பவர், பிரான்ஸ் நாட்டின் சீர்திருத்த மந்திரி தூர்கோவுக்கு அவரை ஒப்பிட்டார். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது. திருவிதாங்கூர் முன்மாதிரி இராச்சியம் என்று பெயர் பெற்றது.

மறைக்கக் கூடாத குறை

இவ்வளவும் எழுதிய நாம் ஒன்றை எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. அவர் திவானாகிய தொடக்கத்திலேயே தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் மூண்டது. நாடார் குலத்துப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்து ஆடை உடுத்தல் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். வைகுண்ட சுவாமிகள் போன்றோர் அம்மக்களின் மானத்துக்காக முன்னரே குரல் எழுப்பியிருந்தனர். கிறிஸ்துவ சமயத்தைச் சார்ந்த பெண்களுக்குக் குப்பாயம் அணிய ஓரளவு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் 1858ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும், நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் மேலாடை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். ஆலயங்களும் பாடசாலைகளும் தீக்கிரையாயின.

மிளகையும் புகையிலையையும் விடுவித்த கை, இங்கே தயங்கியது. பழைய வழக்கத்தைக் காப்பதும் அமைதியைக் காப்பதும் ஒன்றே என்ற எண்ணம் அரசாங்கத்தில் மேலோங்கி நின்றது. மிஷனரிமார் முறையிட்டனர். சென்னைக் கவர்னர் டிரவெலியன் கடுமையாக எழுதினார். அதன் பின்னரே 1859 ஜூலை 26ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளிவந்தது. நாடார் பெண்கள் அனைவரும், எச்சமயத்தவராயினும், மேனியை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாங்கில் உடுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்ட உரிமை அது.

இந்து அரசொன்றில், கற்றறிந்த இந்து மந்திரி ஒருவரின் காலத்தில், நம் சகோதரிகளின் மானத்தைக் காக்கும் குரல் பெரும்பாலும் பிறரிடமிருந்தே வரவேண்டியிருந்தது. இதை எண்ணும்போது நாம் தலை குனிகின்றோம். ஒரு நாட்டின் கணக்கைத் திருத்தக் கூரிய அறிவு போதும். மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைத் திருத்தத் துணிவும் வேண்டும். முதலாவது மாதவராவிடம் நிறைந்திருந்தது. இரண்டாவது, அந்தச் சோதனையின்போது போதுமான அளவு இருக்கவில்லை.

அதே காலத்தில் வேறொரு தீவில்

இவ்விடத்தில், உலகின் மறுகோடியில் நடந்த ஒரு சம்பவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். மேற்கிந்தியத் தீவுகளில் ஹெயிட்டி என்றொரு நாடு உண்டு. அடிமைகளாயிருந்த கறுப்பு மக்கள் போராடி 1804இல் சுதந்திரம் பெறச் செய்த நாடு அது. 1859 ஜனவரியில் ஜெப்ரார் என்னும் தளபதி அங்கே பேரரசராயிருந்தவரை நீக்கிவிட்டு ஜனாதிபதியானார். பாடசாலைகளைப் பெருக்கினார், இராணுவத்தைக் குறைத்தார், 1860இல் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்து சமயக் கல்விக்கு வழி வகுத்தார், 1862இல் அமெரிக்காவின் அங்கீகாரமும் கிடைத்தது. நல்ல நோக்கங்களே. ஆனால் நாட்டில் கலகத்தின்மேல் கலகம். 1865இல் வடபகுதியில் சல்னாவ் என்பவர் கிளர்ந்தெழ, அதை அடக்க ஆங்கிலப் போர்க்கப்பலின் உதவியை நாட வேண்டியதாயிற்று. 1867 மார்ச்சில் ஜெப்ரார் பதவியைத் துறந்து ஜமெய்க்காவுக்கு ஓடினார். அங்கேயே மாண்டார். படையின் பலத்தால் கிடைத்த நாற்காலியைப் படையே பறித்துக்கொண்டது.

ஜெப்ராரும் மாதவராவும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் ஒரே வகையான வேலையைச் செய்தவர்கள். திருவிதாங்கூரில் அரச குடும்பம் நிலைத்திருந்தது, பின்னால் ஆங்கிலேயரின் படைபலமும் நின்றது என்பது பெரிய வேற்றுமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மற்றொரு வேற்றுமையும் உண்டு. அது மாதவராவின் பிற்கால வாழ்க்கையில் துலக்கமாகத் தெரிகிறது.

மாணாக்கர் கையில் பதவியிழப்பு

1860இல் அரியணை ஏறிய ஆயில்யம் திருநாள் மகாராஜா மாதவராவின் மாணாக்கரே. ஆரம்பத்தில் இருவரும் ஒருமனப்பட்டு உழைத்தனர். நாளடைவில் மனக்கசப்பு வளர்ந்தது. 1872இல் மாதவராவ் பதவியை விட்டு நீங்கினார். ஆனால் அவருடைய வேலை நின்றுவிடவில்லை. அடுத்து வந்த திவான் சேஷய்ய சாஸ்திரி, சென்னையில் அதே பவல் ஆசிரியரிடம் பயின்றவர். 1880இல் திவானாக வந்த ராமையங்காரும் அந்த ஆசிரியரின் மாணாக்கரே. மற்றொரு இளவரசர் விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை அரசாண்டார். ஏழையின் பசி தீர்க்க மரவள்ளிக் கிழங்கை நாடெங்கும் பரப்பியவர் அவர். லக்கலையில் மரவள்ளி அவித்து உண்ணும் வீட்டார், கடல் கடந்த ஒரு மகாராஜாவும் அதே கிழங்கைப் போற்றினார் என்று அறிந்தால் மகிழ்வர்.

மாதவராவ் 1873இல் இந்தூர் சமஸ்தானத்தில் ஹோல்கார் மகாராஜாவின் திவானானார். அங்கிருந்து 1875இல் பரோடாவுக்கு அழைக்கப்பட்டார். பரோடாவின் நிலை திருவிதாங்கூரைவிடப் பலமடங்கு மோசம். அரசர் மல்ஹர்ராவ் கெயிக்வாட்டின் ஆட்சியில் கொடுமைகள் மலிந்தன. அங்கே திவானாயிருந்த தாதாபாய் நவுரோஜியும் சில காலத்திலேயே விலகிவிட்டார். ஆங்கிலப் பிரதிநிதியான கர்னல் பேர் என்பவருக்கு நஞ்சு வைக்க முயன்றதாக அரசர்மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை செய்த ஆறு பேரில் ஆங்கிலேயர் மூவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் அவ்வாறு கூறவில்லை. எனினும் துர்நிர்வாகத்தைக் காரணமாகக் காட்டி 1875 ஏப்ரலில் அவரைப் பதவி நீக்கிச் சென்னைக்கு அனுப்பிவிட்டனர்.

வெற்றிடமான அரியணைக்கு, முந்திய அரசரின் விதவையான ஜம்னாபாய் ராணி ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். நாசிக் பகுதியில் ஒரு சிற்றூரில் உழவர் குடும்பத்தில் வளர்ந்த, எழுத்தறியாத 12 வயதுச் சிறுவன் அவன். அவனே மூன்றாம் சாயாஜிராவ். அச்சிறுவன் வளரும்வரை அரசு நடத்தும் பொறுப்பு மாதவராவின் கைக்கு வந்தது. அவர் வரிக் குத்தகைக்காரரின் கொட்டத்தை அடக்கினார், நிலவரியைக் குறைத்தார், படைச்செலவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார், நீதிமன்றங்களையும் பாடசாலைகளையும் அமைத்தார். 1877இல் ராஜா என்னும் பட்டமும் பெற்றார். 1881இல் பரோடாக் கல்லூரி தோன்றியது.

இத்தனை வேலைகளுக்கிடையிலும் அவர் மீண்டும் ஆசிரியரானார். இளம் அரசனுக்கு ஆட்சிமுறை பற்றித் தொடர்ச்சியாக விரிவுரைகள் செய்தார். அரசன் எவரை நம்பலாம், எவ்வாறு செலவிட வேண்டும், தன் விருப்பத்துக்கும் குடிகளின் நலத்துக்கும் இடையில் எங்கே கோடு கிழிக்க வேண்டும் என்றெல்லாம் படிப்படியாக விளக்கினார். அவை பின்னர் நூலாகவும் அச்சாயின. 1881 டிசம்பரில் சாயாஜிராவ் முழு அதிகாரம் ஏற்றார். அடுத்த ஆண்டே இருவருக்கும் கருத்து வேறுபட்டது; மாதவராவ் விலகினார். இரண்டாவது முறையாக, தாம் கற்பித்த மாணாக்கரிடமிருந்தே விடைபெற வேண்டியதாயிற்று.

சென்னை மயிலாப்பூரில் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1887இல் சென்னையில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மகாசபை கூடியபோது வரவேற்புக் கமிட்டியின் தலைவராயிருந்தார். 1891 ஏப்ரல் 4ஆம் தேதி காலமானார்.

நமக்கு விட்டுச் சென்ற பாடம்

மாணாக்கர் விடைகொடுத்து அனுப்பியதை அவருடைய தோல்வி என்று சொல்லலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. ஆசிரியரின் கைப்பிடியிலேயே என்றும் நடப்பவன் மாணாக்கன் அல்லன். சாயாஜிராவ் தாமாகவே நடந்தார். ஆசிரியர் நின்ற இடத்தையும் தாண்டி நடந்தார். 1893இல் அம்ரேலிப் பகுதியிலும், பின்னர் பரோடா முழுவதிலும் கட்டாய ஆரம்பக் கல்வியை ஏற்படுத்தினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பாடசாலை வைத்தார். அத்தகைய குலத்தில் பிறந்த ஓர் இளைஞர் 1913இல் பரோடாவின் உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர்தாம் டாக்டர் அம்பேத்கர். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைவராயிருந்தவர்.

1859இல் நாகர்கோவில் பெண்களுக்காக விரைந்து எழாத ஒருவரின் மாணாக்கர், அம்பேத்கருக்கு வழிகாட்டினார். ஆசிரியரின் குறையை மாணாக்கர் ஓரளவு நிறைவு செய்தார். ஒருவர் தம் ஆயுளில் செய்து முடிக்காததை அவர் உருவாக்கிய மனிதர் செய்கிறார். படையை நம்பிய ஜெப்ராரிடம் இல்லாதிருந்தது இதுவே என்று தோன்றுகிறது.

நம் சங்கத்து வாலிபர்களே, இச்சரித்திரத்தை நம் சிறிய வட்டத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். ஊக்கமுள்ள ஒரு காரியதரிசி இரவுப் பாடசாலை தொடங்குகிறார், வாசிகசாலை திறக்கிறார், திருவிழாக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறார். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் பாடசாலையின் கதவு மூடிக்கொள்கிறது. கணக்குப் புத்தகம் காணாமற் போகிறது. எத்தனை தோட்டங்களில் இதை நாம் கண்டிருக்கின்றோம்! ஒரு பொறுப்பை ஏற்கும் நாளிலேயே, அதை அடுத்து ஏற்கப் போகும் தம்பியையும் தங்கையையும் பக்கத்தில் அமர்த்திப் பழக்குவோம். அவர்கள் நம்மோடு மாறுபட்டால் மனம் நோகாமல் இடம் விடுவோம்.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். சுமையை இறக்குவதே சீர்திருத்தம் என்று மாதவராவ் காட்டினார். ஆனால் எந்தச் சுமையை இறக்க அவர் தயங்கினாரோ, அந்தச் சுமை நம்மிடையே இன்னும் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நம் கோயில் வாசலிலும் நம் வீட்டு வாசலிலும் தேடிப் பார்ப்போம். இருந்தால், வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்லும்வரை காத்திராமல் நாமே இறக்கி வைப்போம்.